பிரேக் பிடிக்கும் இடம்

அவரிடம் நான் பேசிய முதல் வாக்கியம், "நீங்க பிரேக் ரொம்ப சீக்கிரம் பிடிக்கிறீங்க" என்பது. புணேயின் ஔந்த் பகுதியில் எங்கள் அடுக்ககத்தின் லிஃப்டில், கையில் கொத்தமல்லிக் கட்டோடு நின்றபடி சொன்னேன். அவர் கார் பந்தய வீராங்கனை. நான் கராடியில் ஒரு மென்பொருள் கம்பெனியில், இன்ஷூரன்ஸ்காரர்களுக்கு கிராஃப் போட்டுக் கொடுக்கிறவன். என் கார் மூன்றாவது கியரைத் தாண்டுவது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான்.

வேறு யாராக இருந்தாலும் முறைத்திருப்பார்கள். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "ஆமாங்ணா, என்ற தப்புதான்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எந்தத் திருப்பத்துல பாத்தீங்க?" என்று கேட்டார்.

நான் எந்தத் திருப்பத்திலும் பார்க்கவில்லை. அவர் புதிதாக ஓட்ட ஆரம்பித்திருந்த ஒரு தொடரின் முதல் பந்தயத்தை ஆஃபீஸ் கேண்டீனில் சாப்பிட்டுக்கொண்டே ஃபோனில் பார்த்தேன், அவ்வளவுதான். பதினாறு கார்களில் அவர் பதினான்காவதாக வந்திருந்தார். பின்னால் வருகிறவர்களைப் பற்றி, டிவியில் பந்தயம் பார்க்கும் என்னைப் போன்ற அறிஞர்கள் சொல்வதற்கென்று இரண்டு மூன்று வாக்கியங்கள் வைத்திருப்போம். அதில் ஒன்றை எடுத்து விட்டிருந்தேன். இப்போது பின்வாங்க முடியாது. "கடைசித் திருப்பம்" என்று சொல்லிவைத்தேன். அவர் தலையை ஆட்டியபடி மூன்றாவது மாடியில் இறங்கிப் போனார். நான் நான்காவது மாடிவரை பெருமையோடு போனேன்.

அவர் கோயம்புத்தூர்க்காரர். அப்போது முப்பத்து மூன்று வயது. ஏழு வருடம் சலூன் கார் பந்தயம் ஓட்டியவர். அதாவது நாம் கடைக்கு எடுத்துப் போகிற அதே கார். உள்ளே சீட்டையெல்லாம் பிடுங்கிவிட்டு இரும்புக் குழாயில் கூண்டு அடித்திருப்பார்கள். அதில் இரண்டு முறை சாம்பியன். அந்த வருடம்தான் நாட்டின் மேல்மட்டத்தில் புதிதாக ஒரு தொடர் ஆரம்பித்திருந்தார்கள். எல்லாம் ஃபார்முலா கார்கள். ஒற்றை இருக்கை, கூரை கிடையாது, சக்கரங்கள் உடம்புக்கு வெளியே, முன்னும் பின்னும் இறக்கை. அவரை எடுத்துக்கொண்ட டீமின் ஷெட் புணேக்கு வெளியே ரஞ்சன்காவில் இருந்தது. எங்கள் கட்டடத்தில் உறவினர் ஒருவரின் ஃபிளாட் காலியாக இருந்ததால், ஒரு சூட்கேஸ், ஒரு இட்லிக் குண்டான், இரண்டு ஹெல்மெட் சகிதம் வந்து சேர்ந்தார்.

மேலே போவது என்றால் ஏற்கெனவே தெரிந்ததன் மேல் இன்னும் கொஞ்சம் கற்றுக்கொள்வது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவருக்கு நடந்தது அதுவல்ல. சலூன் காரில் பிரேக்கை மெல்லத் தொட்டு, போகப் போக அழுத்த வேண்டும். ஃபார்முலா காரில் அது தலைகீழ். முழு வேகத்தில் போகும்போது காற்று அந்த இறக்கைகளின் வழியாகக் காரைத் தரையோடு அமுக்கிப் பிடித்திருக்கும். அந்த நொடியில் கால் பலம் மொத்தத்தையும் பெடலில் இறக்கிவிட வேண்டும். வேகம் குறையக் குறையக் காற்றின் பிடியும் குறையும். காலையும் விட்டுக்கொண்டே வர வேண்டும். திருப்பத்திலும் அப்படித்தான். பயந்துபோய் மெதுவாகப் போனால் வழுக்கும். துணிந்து போனால் ஒட்டும்.

"ஏழு வருசமா கத்துக்கிட்டத மறக்க வெக்கறதுதான் நெம்ப கஷ்டமா இருக்குதுங்ணா. மனசு மறந்துருச்சு. காலு மறக்க மாட்டேங்குது" என்பார்.

அதே டீமின் இன்னொரு காரை ஓட்டியவன் மும்பைப் பையன், பத்தொன்பது வயது. சின்ன வயதிலிருந்து கோ-கார்ட் என்கிற குட்டிப் பந்தய வண்டியில் வளர்ந்தவன். அவனுக்கு மறக்க எதுவும் இல்லை. நாலாவது, ஐந்தாவது என்று வந்துகொண்டிருந்தான்.

எதற்கும் முதலில் தன் பக்கம் பார்ப்பது என்பது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. ஒருநாள் காலை ஔந்த் சிக்னலில் ஓர் ஆட்டோக்காரர் அவருடைய ஸ்கூட்டரின் பக்கக் கண்ணாடியை இடித்து உடைத்துவிட்டார். நான் பின்னால் என் காரில், வழக்கம்போல இரண்டாவது கியரில், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டோக்காரர் சண்டைக்குத் தயாராக, வாயைத் திறந்தபடியே இறங்கினார். இவர் முந்திக்கொண்டு, "மேரி கல்தி" என்றார், என் தப்பு என்று. புணே வந்து அவர் கற்ற முதல் இந்தி அதுதான். ஆட்டோக்காரருக்குத் திறந்த வாயை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. கடைசியில் தன் வண்டியிலிருந்து ஒரு ரப்பர்த் துண்டை எடுத்து, உடைந்த கண்ணாடியை இழுத்துக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று மாலை நான் மூன்றாம் மாடிக்குப் போய், அது முழுக்க முழுக்க ஆட்டோவின் தப்பு என்று தாளில் படம் போட்டு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அவரு மேல தப்பு இருக்கலாமுங்ணா. ஆனா நான் கண்ணாடியில அவரு வர்றத பாத்தேன். பாத்துட்டும் அங்கயே நின்னேன்ல?"

எனக்கு இது புரியவே இல்லை. என் தொழிலில் நான் பெயர் வாங்கியதே எழுவாய் இல்லாமல் எழுதுவதில்தான். சர்வர் படுத்துவிட்டால் வாடிக்கையாளருக்கு மெயில் போடும் வேலையை என்னிடம்தான் கொடுப்பார்கள். 'தவறு நேர்ந்துவிட்டது, சரிசெய்யப்பட்டு வருகிறது' என்று எழுதுவேன். யாரும் எதுவும் செய்திருக்க மாட்டார்கள். மழை மாதிரி அது தானே பெய்திருக்கும்.

அந்த டீமுக்குள் நான் நுழைந்ததும் அவரால்தான். டீமின் டேட்டா இன்ஜினியர் முதல் பந்தயம் முடிந்ததும் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். எங்கள் பில்டிங்கில் ஒரு அண்ணா இருக்கிறார், கிராஃப் பார்ப்பார், பந்தயமும் தெரியும் என்று இவர் மேனேஜரிடம் சொல்லியிருக்கிறார். மேனேஜர் புணேக்காரர், ஒரு காலத்தில் பைக் பந்தயம் ஓட்டியவர், அதிகம் பேசாதவர். அடுத்த சனிக்கிழமை நான் ரஞ்சன்காவ் ஷெட்டில், டீமின் பெயர் பொறித்த டீ-ஷர்ட்டில், வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு நின்றிருந்தேன். சம்பளம் கிடையாது. டீ-ஷர்ட்டே போதுமானதாக இருந்தது.

வேலை இதுதான். காரில் ஒரு பெட்டி இருக்கும். சக்கரம் எத்தனை முறை சுற்றியது, எந்த நொடியில் பிரேக், எவ்வளவு அழுத்தம் என்று எல்லாவற்றையும் அது பதிந்துவைக்கும். சென்னை டிராக்கில் அவர் ஓட்டிய ஒரு சுற்றையும், அங்கேயே மும்பைப் பையன் ஓட்டிய ஒரு சுற்றையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு, எந்த இடத்தில் யார் எப்போது பிரேக் பிடித்தார்கள் என்று பார்க்க வேண்டும். 'எந்த இடத்தில்' என்பதை லேப்டாப் எப்படிக் கண்டுபிடிக்கும்? சக்கரம் சுற்றிய கணக்கை அதன் சுற்றளவால் பெருக்கும். அவர் காருக்குப் புதுப் பெட்டி மாட்டியிருந்தார்கள். அதில் சுற்றளவு போட்டிருக்கவில்லை. அளந்து போடும்படி மேனேஜர் சொன்னார். நான் வீட்டிலிருந்து ஒரு துணி டேப்பை எடுத்துப்போய் டயரைச் சுற்றி அளந்து, எண்ணைத் தட்டினேன். அரை நிமிட வேலை. மும்பைப் பையனின் காரில் பழைய இன்ஜினியர் போட்டுவைத்த எண் ஏற்கெனவே இருந்தது.

முதல் கிராஃப் திரையில் விரிந்தபோது எனக்குப் புல்லரித்தது. லிஃப்டில் சும்மா அடித்துவிட்டது அப்படியே உண்மையாக இருந்தது. அவர் சீக்கிரம் பிரேக் பிடித்துக்கொண்டிருந்தார். அதிலும் கடைசித் திருப்பத்தில் பையனைவிட ஏழெட்டு மீட்டர் முன்னாலேயே. நான் சொன்னதைக் கம்ப்யூட்டரும் சொன்னால் மனுஷன் எப்படி இருப்பான்? நான் அப்படி இருந்தேன்.

"பாருங்க. இங்க. இன்னும் எட்டு மீட்டர் உள்ள போகலாம்."

அவர் திரைக்கு அருகே குனிந்து பார்த்தார். "எனக்கென்னமோ நெம்ப உள்ள போயி பிடிக்கற மாதிரிதாங்ணா இருந்துச்சு."

"அது பழைய கார் பழக்கம். உடம்பு ஏமாத்தும். கிராஃப் ஏமாத்தாது." இந்த வாக்கியத்தை நான் இரண்டு மொழிகளில் சொன்னேன், மேனேஜரும் கேட்கட்டும் என்று.

"அப்படித்தானுங்க இருக்கும். என்ற தப்பு."

சனிக்கிழமைகளில் அவருடைய பழைய சின்னக் காரில்தான் ரஞ்சன்காவ் போவோம். நகர் ரோடு என்கிற அந்த நெடுஞ்சாலையில் அவரைப் போல நிதானமாக ஓட்டுகிறவர்களை நான் பார்த்ததில்லை. லாரிக்கு வழி, டிராக்டருக்கு வழி, எதிர்ப்பக்கத்தில் வரும் பைக்குக்கும் வழி. அப்படி ஒருநாள் போகும்போதுதான், எதற்கெடுத்தாலும் ஏன் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார் என்று கேட்டேன்.

சிரித்தார். "எங்க வீட்ல டிரைவிங் ஸ்கூல் வெச்சிருக்கோமுங்ணா. பத்தொம்பது வயசுல இருந்து நான் பக்கத்து சீட்ல உக்காந்து சொல்லிக் குடுத்திருக்கறேன். கத்துக்க வர்றவங்க செவுத்துல கொண்டு போயி இடிப்பாங்க. அது அவங்க தப்புன்னு சொல்ல முடியுமுங்களா? எங்காலுக்குக் கீழயும் ஒரு பிரேக் இருக்குதுங்களே. நான் ஏன் அழுத்தல?"

பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "என்ற தப்புன்னு வெச்சுக்கிட்டா அதை நான் சரி பண்ணிக்கலாமுங்ணா. அடுத்தவங்க தப்புன்னா அவங்க சரி பண்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கணும்" என்றார்.

இரண்டாவது பந்தயத்தில் பன்னிரண்டாவதாக வந்தார். நான் சொன்ன எட்டு மீட்டரில் இரண்டுதான் உள்ளே போயிருந்தார். நான் இன்னும் ஐந்து மீட்டர் கேட்டேன். கொடுத்தார். ஷெட்டில் மெக்கானிக்குகள் முகத்தைச் சுளிக்க ஆரம்பித்தார்கள்; அவருடைய முன் டயர்கள் பிரேக் அழுத்தத்தில் சுற்றாமல் நின்று, தரையில் இழுபட்டு, சப்பையாகத் தேய்ந்து வந்தன. இவ்வளவுக்கும் கிராஃபில் அவர் இன்னும் பையனுக்கு முன்னால்தான் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. கிராஃபில் இன்னொரு விஷயமும் தெரிந்தது. அவருடைய சுற்று பையனுடைய சுற்றைவிட இருபது மீட்டர் குறைவான தூரம் காட்டியது. எல்லோருக்கும் பொதுவான ஒரே டிராக் ஒருவருக்கு மட்டும் எப்படிச் சுருங்கும்? நான் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தேன். "உள்பக்கமா ஒட்டி, குறுக்குவழில போறீங்க. ரொம்ப அழகா திருப்புறீங்க" என்று பாராட்டினேன். அவருக்குக் கிடைத்த ஒரே பாராட்டு என்பதால் அவரும் சந்தோஷப்பட்டார்.

மூன்றாவது பந்தயமும் அதே சென்னை டிராக்கில். நான் போயிருந்தேன். பந்தயத்தின் நான்காவது சுற்றில், நான் சொன்ன இடத்தில், மிகச் சரியாக நான் சொன்ன இடத்தில், அவர் பிரேக் பிடித்தார். கார் நிற்கவில்லை. கடைசித் திருப்பத்தைத் தாண்டி மண்ணில் இறங்கி, அடுக்கிவைத்த டயர்ச் சுவரில் போய் மோதியது. முன் சக்கரம் கழன்று தனியாக உருண்டது. அவர் தானாக இறங்கி, இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார்.

நான் ஓடினேன். என்னைக் கண்டதும் அவர் சொன்னது: "மன்னிச்சுக்கோங்ணா. நீங்க சொன்ன எடத்துலதான் பிடிச்சேன். எனக்குக் காலு பலம் பத்தல."

எலும்பு முறியவில்லை, தசைதான் பிசகியிருந்தது. மூன்று வாரம் கட்டு. புணே திரும்பியபின் ஒருநாள் மனைவி கொழுக்கட்டை கொடுக்க மூன்றாம் மாடிக்குப் போய்விட்டு வந்து சொன்னாள்: "அந்தப் பொண்ணு எடை பாக்கற மெஷினைச் செவுத்துல சாய்ச்சு வச்சு, எதிர்ல உக்காந்து ஒத்தக் காலால அதை மிதிச்சிட்டிருக்கு. முள்ளு நூறு கிலோ தாண்டணுமாம். தினம் நூறு தடவையாம். பாவம், கால் நடுங்குது."

அன்றைக்குத்தான் முதன்முறையாக எனக்கு உள்ளே ஏதோ சரியில்லாமல் போனது. அவர் இத்தனை விரைவாகத் தப்பை எடுத்துக்கொண்டுவிடுவதால், வேறு யாரும் எதையும் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. மேனேஜர் காரைக் கழற்றிப் பார்க்கவில்லை. "அவங்களே தன் தப்புன்னு சொல்றாங்களே" என்றார். நானும் என் எண்களைப் பார்க்கவில்லை. அதற்கு என்னிடம் மேனேஜர் சொன்ன காரணம்கூட இல்லை.

டேப் விஷயம் வெளிவந்தது என் அறிவால் அல்ல. மனைவி புதுத் திரைச்சீலைக்கு ஜன்னலை அளக்கச் சொன்னாள். நான் அலமாரியிலிருந்து அதே துணி டேப்பை எடுத்தேன். அவள் இங்கே புணேயிலேயே, கட்கி ராணுவக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். அவள் தமிழில் பாதி இந்தி.

"அரே, அதை ஏன் எடுக்கறீங்க? அது பேகார். இழுபட்டுப் போச்சு. அதுல அளவெடுத்துக் கொடுத்த ஜாக்கெட் மூணும் இறுக்கமா வந்துச்சுன்னுதானே புதுசு வாங்கினேன்."

நான் டேப்பைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டேன். இழுபட்ட டேப் குறைத்துக் காட்டும். புது இரும்பு டேப் ஒன்றை வாங்கிக்கொண்டு, அன்று மதியமே ஆஃபீசுக்கு லீவு சொல்லிவிட்டு ரஞ்சன்காவ் போனேன். டயரைச் சுற்றி அளந்தேன். ஒரு செண்டிமீட்டர் வித்தியாசம். ஒரு செண்டிமீட்டர்தான். ஆனால் அந்த டிராக்கில் சக்கரம் ஒரு சுற்றுக்கு இரண்டாயிரம் முறை உருள்கிறது. இரண்டாயிரம் செண்டிமீட்டர் என்பது இருபது மீட்டர். தொடக்கத்தில் தெரியாது, போகப் போகச் சேர்ந்து, கடைசித் திருப்பத்துக்கு வரும்போது இருபதும் சேர்ந்துவிடும்.

சரியான எண்ணைப் போட்டு எல்லாவற்றையும் மறுபடி வரைந்தேன். அவர் சீக்கிரம் பிடிக்கவே இல்லை. முதல் கிராஃபிலேயே பையனைவிடப் பன்னிரண்டு மீட்டர் உள்ளே போய்ப் பிடித்திருந்தார். நான் கேட்டுக் கேட்டு வாங்கியதெல்லாம் அதற்கும் மேலே. அந்த இடத்தில் பிரேக் பிடித்தால் எந்தக் காரும் திரும்பாது, எந்தக் காலுக்கும் பலம் பத்தாது.

உடனே போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். நான்கு நாள் சொல்லவில்லை. திருத்திய கிராஃபைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, 'சென்சார் புதுப்பிக்கப்பட்டது' என்று மட்டும் எழுதிவிடலாமா என்று யோசித்தேன். வெயிலில் ரப்பர் விரியும் என்று ஒரு கதை தயார் செய்தேன். அது எனக்கே நம்பும்படி இருந்தது. மூன்றாம் மாடியில் லிஃப்ட் நின்றுவிடுமோ என்று படியில் ஏறிப் போனேன். நான்கு நாளும் மூச்சு வாங்கியது.

ஐந்தாம் நாள் சனிக்கிழமை. மேனேஜர் ஷெட்டில் எங்கள் இருவரையும் உட்காரவைத்தார். மிச்சமிருக்கும் இரண்டு பந்தயங்களுக்கு வேறொருவரை எடுக்கப் போவதாக இந்தியில் மெதுவாகச் சொன்னார். கெட்டவர் இல்லை, சொல்லும்போது மேசையைத்தான் பார்த்தார். என்னிடம் திரும்பி, "டேட்டாவும் அதைத்தானே சொல்லுது?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்த இவர் சொல்லிவிட்டார்: "மேரி கல்தி, சார். நான் இந்தக் காருக்கு இன்னும் பழகல."

எழுந்து நின்றேன். எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில்கூட நான் அப்படி எழுந்ததில்லை. "தப்பு என்னுது" என்றேன். "சுற்றளவைத் தப்பா அளந்துட்டேன். இவங்க ஒரு தடவைகூட சீக்கிரம் பிடிக்கல. நான்தான் இவங்களைச் சுவர்ல கொண்டு போய் விட்டேன்." லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன்.

மேனேஜர் திரையில் இரண்டு கோடுகளையும் விரலால் தொடர்ந்து பார்த்தார். "எதை வச்சு அளந்தீங்க?"

"பெண்டாட்டி ஜாக்கெட் அளக்கிற டேப்."

அவர் முகத்தில் வந்ததைக் கோபம் என்று சொல்ல முடியாது. பைக்கில் இருந்து பலமுறை விழுந்தவர், இப்படி ஒருவன் விழுந்து அதுவரை பார்த்திருக்கவில்லை.

இவர் கிராஃபையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "எனக்குத் தெரிஞ்சுதுங்ணா. நெம்ப உள்ள போறோம்னு உடம்பு சொல்லுச்சு. அதைக் கேக்காம கிராஃபைக் கேட்டேன் பாருங்க, அது என்ற தப்பு…"

"இல்லைங்க" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. "தயவு செஞ்சு இதையும் எடுத்துக்காதீங்க. இதையாவது எனக்கு விடுங்க."

அவர் நிமிர்ந்தார். கட்டுப் போட்ட மணிக்கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் சிவந்துகொண்டே வந்தது. அத்தனை மாதத்தில் நான் பார்க்காத முகம்.

"ஆமாங்ணா" என்றார். "உங்க தப்புதான். நாலு மாசம். தெனமும் ராத்திரி படுத்தா அந்தத் திருப்பந்தான் கண்ணுல வரும். நான் கோழையாயிட்டனோன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். எங்க வீட்டுக்கு ஃபோன் பண்ணிக்கூட அதைத்தான் சொன்னேன்."

எழுந்து வெளியே போனார். கார் கிளம்பும் சத்தம் கேட்டது. முதன்முறையாக வேகமாகக் கிளம்பியது. என்னை விட்டுவிட்டுத்தான் போனார்.

நான் நகர் ரோட்டில் ஒரு எஸ்.டி. பஸ்ஸை, அதாவது அரசு பஸ்ஸை, பிடித்தேன். புணே எல்லையில் வாகோலி வரை நின்றுகொண்டே வந்தேன், ஒரு மூட்டை வெங்காயத்துக்கும் ஒரு கல்லூரிக் கூட்டத்துக்கும் நடுவே, டீமின் டீ-ஷர்ட்டில். ஒருத்தன் என் முதுகைப் பார்த்துவிட்டு, நான் ரேஸ் ஓட்டுகிறவனா என்று மராத்தியில் கேட்டான். இல்லை என்றேன். எழுவாயோடு ஒரு உண்மையைச் சொல்லிவிட்டு வருகிறவனுக்கு இரண்டாவது உண்மை சுலபமாகத்தான் வருகிறது.

மேனேஜர் அவரை மாற்றவில்லை. ஒரு வாரம் மூன்றாம் மாடிக்காரர் என்னோடு பேசவில்லை. அதற்கடுத்த ஞாயிறு காலை வாசல் மணி அடித்தது. நின்றிருந்தார்.

"லேப்டாப்பை எடுத்துட்டு வாங்ணா. ஆனா தெறக்காதீங்க."

எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஒரு முழுச் சுற்றையும் நினைவிலிருந்து சொன்னார். எந்தத் திருப்பத்தில் எவ்வளவு இழக்கிறேன், எங்கே கால் தயங்குகிறது, எங்கே கார் முரண்டு பண்ணுகிறது என்று ஒவ்வொன்றாக. நான் எழுதிக்கொண்டேன். அதன்பின்தான் லேப்டாப்பைத் திறக்க அனுமதித்தார். ஏறக்குறைய எல்லாம் சரியாக இருந்தது. இரண்டு இடங்களில் மட்டும் அவர் தன்மேல் போட்டுக்கொண்டது அவருடையதல்ல, காருடையது என்று கிராஃப் சொன்னது. "அட, இது நானில்லீங்களா?" என்று ஆச்சரியப்பட்டுப் போனார், கீழே விழுந்து கிடந்த பொருள் வேறொருவருடையது என்று தெரிந்தவர் மாதிரி. நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மனைவிக்கு அதுதான் பெரிய ஆச்சரியம்.

நான்காவது பந்தயத்தில் ஒன்பதாவது வந்தார். கடைசிப் பந்தயத்தில் ஐந்தாவது. மும்பைப் பையன் மூன்றாவது வந்ததால் கோப்பையோடு படமெல்லாம் அவனுக்குத்தான். இவர் காரிலிருந்து இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றிய கையோடு மேனேஜரிடம் போய், "ஆறாவது சுத்துல இருந்து மூணாவது கியர் நிக்கல, சார். நழுவி நழுவி வெளிய வருது. பிரிச்சுப் பாருங்க" என்றார். மெக்கானிக்குகள் பிரித்தார்கள். பல் தேய்ந்திருந்தது. அவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, திருப்பிக் கொடுத்துவிட்டு, கை கழுவப் போனார்.

அடுத்த வருடம் சென்னையில் ஒரு டீம் அவரை எடுத்துக்கொண்டது. சூட்கேஸ், குண்டான், ஹெல்மெட்டுகள் எல்லாம் அந்தச் சின்னக் காரில் ஏறின. ரஞ்சன்காவில் என் இடத்துக்கு, முறையாகப் படித்த ஒரு பெண் இன்ஜினியர் வந்தார். நான் டீ-ஷர்ட்டோடு ஓய்வுபெற்றேன். சென்னைக்குப் போனவர் இப்போதும் அந்தத் தொடரில்தான் ஓட்டுகிறார். சாம்பியன் ஆகவில்லை. இரண்டு முறை முதல் மூன்று இடங்களுக்குள் வந்திருக்கிறார்.

போன மாதம் அவரிடமிருந்து ஒரு மெயில். பெரிய டேட்டா ஃபைல் ஒன்றை இணைத்திருந்தார். "ஒரு சுத்துக்கு நொடியில பத்துல மூணு பங்கு எங்கியோ போகுதுங்ணா. பாத்துச் சொல்லுங்க" என்று மட்டும் எழுதியிருந்தது. மூன்று மாலைகள் உட்கார்ந்து பார்த்தேன். பிரேக், கியர், காற்று, டயர் எல்லாவற்றையும். சொல்வதற்கு நாலைந்து அழகான வாக்கியங்கள் தோன்றின. எதையும் நிரூபிக்க முடியவில்லை. கடைசியில், 'எனக்குத் தெரியலைங்க' என்று தட்டினேன். நாற்பத்தேழு வயதில் அந்த வார்த்தைக்குப் பக்கத்தில் என் பெயரைப் போட்டு அனுப்புவது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

ஐந்து நிமிடத்தில் ஃபோன் வந்தது. எடுத்ததுமே சிரிப்பு.

"எனக்கும் தெரியலீங்ணா. டீமுக்கும் தெரியல. ஆனா நாலு பேரு நாலு விதமா, தெரியும்னு அடிச்சுச் சொல்லிட்டாங்க. அதனாலதான் உங்களுக்கு அனுப்புனேன்." பிறகு, "சனிக்கெழம டெஸ்ட் ஓட்டறேன். வர்றீங்களா?" என்றார்.

"நான் வந்து என்னங்க பண்ணப் போறேன்?"

"திருப்பத்துல நின்னு பாருங்க. பாத்துட்டு ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

வெள்ளிக்கிழமை சென்னை ரயிலுக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன்.